சஹனில் ஆறாவது ஆள்

அணைக்கட்டைப் பார்க்க அரைநாள் சுற்றுலா, வழிகாட்டி உண்டு, பகல் சாப்பாடும் உண்டு என்று நீர்முகாமைத் திட்டமொன்று அறிவித்தபோது சம்மாந்துறை விவசாயிகளுக்குச் சந்தோசம்தான். பதினேழு நாளாக வாய்க்காலில் தண்ணீரைக் காணாதவர்கள், அது எங்கேதான் இருக்கிறது என்றாவது பார்த்துவிட்டு வரலாமே.

வட்டவிதானை அச்சிமுகம்மது மட்டும் தண்ணீரைப் பார்க்கப் போகவில்லை, கேட்கப் போனார். வாய்க்காலின் கடைசி முனையில் வயல் செய்யும் நாற்பத்து மூன்று பேர், தங்களுக்குள் நீரைப் பங்கிடுவதற்காகக் கைதூக்கித் தெரிவுசெய்த ஆள் அவர். பங்கிட நீர் இல்லாத காலத்தில் அந்தப் பதவிக்கு ஒரே வேலைதான்: ஏச்சு வாங்குவது. நெல் வேளாண்மை, கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலைப் பருவத்தில் நின்றது. ஐந்து நாளுக்குள் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் கதிர் வரும், கதிருக்குள் அரிசி இருக்காது. அவர் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்திருந்தது. எடுத்ததை எங்கே வைத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

“கமராக்கு முன்னுக்கு வெச்சுக் கேளுங்க காக்கா,” என்று முதல்நாளே சொல்லியிருந்தான் பக்கத்து வயல்காரன் இப்றாஹிம். “நாலு பேர் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள அவங்களால மழுப்ப ஏலா.”

“கேக்கத்தானே போறன். அவங்கட சோத்தில மட்டும் கை வைக்க மாட்டன். திண்டா வாய் கட்டிப் போயிரும்.”

“எந்த வாய்? என்ட தங்கச்சிர கலியாணத்தில மூணு தரம் கறி கேட்ட வாயா?”

பஸ் அணைக்கட்டு இருக்கும் இங்கினியாகலைக்குப் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டி சுஜித்தா காரைதீவுப் பிள்ளை. அணையின் நீளம், உயரம், கட்டிய ஆண்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சும்மா கிடந்தது.

“தங்கச்சி, இதுக்குள்ள எங்கட தண்ணி எது?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“கேள்வி எல்லாம் சாப்பாட்டுக்குப் புறகு ஐயா,” என்றாள்.

உண்மைதான். நிகழ்ச்சிநிரலில் கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம். அணைக்கட்டோடு நின்று படம் எடுப்பதற்கு நாற்பது.

பார்சலாக இருந்திருந்தால் அச்சிமுகம்மது வாங்கி ஒரு பக்கமாக வைத்திருப்பார். வந்தது சஹன். பாய் விரித்து, பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியை அடுக்கி, சுற்றி ஆறு பேரை இருத்துகிற சாப்பாடு. ஆள் கூடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அது கலியாண வீட்டு ஒழுங்கு. பசி அதற்கு முந்தி வராது.

“விதானையார், வாங்க! இஞ்ச ரெண்டு ஆள் குறையுது.”

“எனக்கு வயிறு சரியில்ல.”

“எங்கட வயிறு நல்லாத்தான் இரிக்கி. எங்களுக்காகவாவது வந்து குந்துங்க.”

குந்தினார். சாப்பிடுகிற எண்ணமில்லை, சபைக்கு மரியாதை. அப்போதுதான் ஆறாவது ஆளாகத் திட்டப் பணிப்பாளர் ஜெஸீம் சேர் வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஜெஸீம் கல்முனைக்காரர். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அறிந்தவர். எலும்பிலிருந்து நல்ல துண்டாகப் பிய்த்து அச்சிமுகம்மதின் பக்கம் வைத்தார்.

“எங்கட வாப்பாவும் வட்டவிதானைதான் காக்கா. பிஸ்மில்லாச் சொல்லித் தொடங்குங்க.”

நாலு கைகள் சோற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அச்சிமுகம்மது ஒரு வாய் என்று நினைத்துத்தான் கையை வைத்தார். ஆனால் சமைத்தவன் பாவி. இறைச்சி வெண்ணெயாய் வெந்திருந்தது. அந்தச் சஹனில் இரண்டாம் தரம் கறி கேட்டது யார் என்று யாராவது விசாரித்தால், அது அவர்தான்.

கை கழுவியதும் கமரா வந்தது, ஒலிவாங்கி வந்தது.

“முதல் கேள்விய நம்மட அச்சிமுகம்மது காக்கா கேக்கட்டும்,” என்றார் ஜெஸீம்.

‘பதினேழு நாளாச்சு, எந்தத் திகதிக்குத் தண்ணி திறப்பீங்க, இந்த இடத்திலயே சொல்லுங்க.’ பஸ்ஸில் வரும்போது அவர் நூறு தரம் சொல்லிப் பார்த்த வசனம் இது. எழும்பி நின்று பார்த்தார். கொஞ்சம் முன்புதான் தன் பங்குக்குள் இறைச்சித் துண்டு தள்ளி வைத்த கை, எதிரில் ஜெஸீமின் மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்த மனிசனை எப்படிச் சபையில் குற்றவாளியாக்குவது?

“சேர்... சாப்பாடு நல்லா இரிந்திச்சு,” என்றார்.

கைதட்டினார்கள்.

“கடசி வாய்க்காலையும், சேருக்கு நேரம் கிடைச்சா, ஒரு பார்வை பாத்தா நல்லம்.”

“கட்டாயம் பாக்கிறன் காக்கா.”

டிரைவர் ஹோன் அடித்தார்.

பின்னேரம், அஸர் தொழுகை முடிகிற நேரம் பஸ் ஊருக்குள் வந்தது. சந்தியில் இப்றாஹிம் மோட்டார்சைக்கிளில் காத்திருந்தான்.

“வீடியோ வந்திச்சு,” என்றான். “விவசாயிகளுக்கு மனநிறைவாம். சாப்பாடு நல்லா இரிந்திச்சு எண்டு நீங்க சொல்றதோட முடியுது.”

“அதுக்குப் புறகும் சொன்னன் இப்றாஹிம். ஒரு பார்வை பாக்கச் சொல்லிச் சொன்னன்.”

“எப்ப பாக்கிறாராம்?”

“அதக் கேக்கல்ல.”

இப்றாஹிம் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்ன இறைச்சி?”

“மாடு.”

“ம். நாளைக்கு என்ட மாடுகள வயலுக்க அவுத்து விடப் போறன். காயுறத்துக்கு முந்தி அதுகளாவது திங்கட்டும்.” மோட்டார்சைக்கிளை உதைத்தான். “வரம்பு தாண்டி உங்கட வயலுக்கும் வரும். பிடிச்சுக் கட்டுவீங்களா?”

பயிருக்குள் இறங்கும் மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் போடுவதும் வட்டவிதானையின் பொறுப்புத்தான்.

“இல்ல,” என்றார் அச்சிமுகம்மது. “மத்தவங்கட மாடுகளையும் கொண்டு வரச் சொல்லு.”