தேர்வு முடிந்தபின் நடந்த வகுப்பு

மலர் வளையத்தை அம்மாவின் மார்பிலிருந்து தூக்கிக் கால்மாட்டில் வைத்தாள் மகள். பயிற்சி மையத்தின் பெயர் அச்சிட்ட ரிப்பன் அம்மாவின் முகவாயில் உரசிக்கொண்டிருந்ததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேலயே இருக்கட்டும்மா. கீழ வச்சா போட்டோல தெரியாது," என்றார் மையத்தின் இயக்குநர். கூட வந்தவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா இயக்குநருக்கு மின்விசிறிக் காற்று படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

அம்மா அந்த மையத்தில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். லாரி ஓட்டுநர், தையல்காரர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். வாயைத் திறந்தால் வார்த்தை வராது. அதனால் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஒரு மாதம் புத்தகமில்லாத வகுப்பு நடத்துவாள். டாக்டரிடம் வலியைச் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவது, தப்பாகப் பேசியவரைப் பார்த்துச் சிரிக்காமலிருப்பது.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு ரூமு?" என்று இந்த முறை இயக்குநர் அறையைப் பூட்டிவிட்டார். அம்மா வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் வகுப்பை வைத்தாள். நேற்று மதிய வெக்கையில் அங்கேயே சரிந்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "கடைசி மூச்சு வரைக்கும் நம்ம மையத்துல, நம்ம வகுப்பறையில நின்னு..."

"எந்த ரூம்ல சார்?" என்றாள் மகள்.

"என்னம்மா?"

"எந்த ரூம்ல நின்னாங்க?"

அப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். "வீடு தேடி வந்தவர்கிட்ட இப்படியா பேசுவ?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பும்போது அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி அழுத்தினார். மெத்தென்று, ஈரமாக இருந்தன அந்தக் கைகள். சென்ட் வாசனை அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

நேரே சமையலறைக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். 'பரீட்சைக்கு அப்புறம் எந்தக் கிறுக்காவது பாடம் நடத்துமா?' என்று போன வாரம் அம்மாவிடம் தானும் சிரித்தது ஞாபகம் வந்தது. மறுபடி சோப்பை எடுத்தாள்.

சமையலறை வாசற்படியில் ஆஸ்பத்திரி அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"ஆம்புலன்ஸுக்கு நான்தாம்மா பேசுனேன். போன் எடுத்தவங்களுக்குத் தமிழ் தெரியல, இங்கிலீஷ்லயே பேசுனேன். விலாசம் கேட்டாங்க, சொன்னேன். மூச்சு இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். ஒரே தடவைல புரிஞ்சுக்கிட்டாங்க. வர்றதுக்குத்தான் நேரமாயிடுச்சு."

"அம்மா காதுல விழுந்துச்சா, நீங்க பேசுனது?"

அக்கா யோசித்தாள். "கண்ண மூடியிருந்தாங்க. விழுந்துச்சான்னு தெரியலம்மா."

மகள் குழாயை மூடினாள். "என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்கக்கா. அப்படியே சொல்லுங்க."

அக்கா தோள்பையைக் கீழே வைத்தாள். கூடத்தில் கிடந்த அம்மாவின் பக்கம் திரும்பி நின்று, விலாசத்திலிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. மகளின் விரல்களிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.