தொள்ளாயிரத்து எண்பது கிராம்

மலையின் முன் நிற்கும்போதுதான் மனிதன் தன் உண்மையான உயரத்தை அறிகிறான். புகைப்படச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தவர் சிகரம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது சங்கம் வைத்தது. அவருடைய மலைப் படங்கள் அத்தனையும் சாலையோரம் நிறுத்திய காரின் ஜன்னல் வழியாக, நீண்ட லென்ஸ் போட்டு எடுத்தவை என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். காரை ஓட்டியது அவள்தான்.

வினை சங்கத்தின் ரூபத்தில் வந்தது. பாதையே இல்லாத மலைமுகட்டில் மூன்று நாள் நடை, தலைமை சிகரம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள இரண்டு பேருக்கு ஒரு கயிறு. அவரோடு ஒரே கயிற்றில் அவர் சகலை, மனைவியின் தங்கை கணவர். பஸ் ஓட்டுகிறவர். "அண்ணன் இருக்காரு, எனக்கென்ன பயம்?" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவரும் அவரே.

அன்றிலிருந்து சிகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றினார்.

"சரியான ட்ரைபாட் இல்லாம மலைக்குப் போறது தற்கொலைக்குச் சமம்" என்று அறிவித்து, கேமராவை நிறுத்தும் அந்த முக்காலியைத் தேடத் தொடங்கினார். பதினோரு மாதம் அப்படியே ஓடியது. ஒரு ட்ரைபாட் கனம். இன்னொன்று லேசு, ஆனால் காற்றில் ஆடும். ஒன்றின் திருகு பனியில் இறுகிக்கொள்ளுமாம். வேறொன்றின் கிளிப் கையுறையைக் கடிக்குமாம். இன்னும் ஒன்று, மடித்த பிறகும் பைக்கு வெளியே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. எடை விஷயத்தில் தன் தீவிரத்தை ஊருக்கு நிரூபிக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்தெறிந்திருந்தார். தினமும் காலையில் மிச்சத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு துலக்கினார்.

ஒரு திங்கட்கிழமை கேமரா கடைக்கார அம்மாவே போன் செய்து வரச்சொன்னார். சகலை விடாமல் இழுத்துப் போனார், சிகரத்தின் மனைவியும் கூட வந்தாள்.

"கார்பன், சார். தொள்ளாயிரத்து எண்பது கிராம். நீங்க சொன்ன ஒரு குறைகூட இதுல இல்ல. எல்லாத்தையும் எழுதிவச்சுத்தான் வரவழைச்சேன்."

சிகரம் அவசரமாகக் கேட்டார். "காத்துல ஆடுமே?"

"இன்னைக்கு வெளிய காத்து பிச்சு வாங்குது. மொட்டை மாடியில வச்சே பாத்துடலாம், வாங்க."

சகலை பின்னாலிருந்து தள்ளாத குறையாகத் தள்ளினார். வெளிச்சுவரில் இரும்புப் படிகள். படிக்கும் படிக்கும் நடுவே வெறும் காற்று. அதன் வழியே தரை தெரிந்தது, ஒவ்வொரு அடிக்கும் தள்ளிப் போனது. மேலே கைப்பிடிச்சுவர் இல்லை. சிகரத்தின் சட்டை படபடத்தது. விளிம்பு தன்னை நோக்கி நகர்வதுபோல் இருந்தது. கடைக்கார அம்மா ட்ரைபாடை விரித்து நிறுத்திய மறுநொடி, சிகரம் அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாருங்கம்மா, ஆட்டம் இருக்கான்னு அண்ணன் கையாலயே பாக்கறாரு!" என்றார் சகலை பெருமையாக.

"நடுவுல கொக்கி இருக்கு சார். பையத் தொங்கவிட்டா அசையாது."

பையைத் தொங்கவிட ஒரு கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ட்ரைபாட் நடுங்கியது. காற்றாலல்ல.

"என்ன சார், பேக் பண்ணிடவா?"

"பண்ணுங்க, பண்ணுங்க. கீழ போலாம்."

"அப்போ வெள்ளிக்கிழமை கிளம்பறோம்!" சகலை கைதட்டினார்.

அப்போதுதான் சிகரத்துக்கு முழுவதும் கண்முன்னே தெரிந்தது. முகட்டில் தன் கால் வழுக்குகிறது. கயிறு விறைக்கிறது. அடுத்த கணம் சகலை, இதே சிரிப்பு முகத்தோடு, பின்னாலேயே விழுகிறார்.

"தம்பி," என்றார். "என் கயித்துல நீ வராத."

"ஏண்ணே?"

"கீழ பாத்தா எனக்குக் கால் கழண்டுடும். நான் மலையே ஏறினதில்ல. எல்லாம் கார்லேர்ந்து எடுத்தது."

சகலை தட்டிய கையைக் கீழே போட்டார். "இதச் சொல்லப் பதினோரு மாசமா? நான் பிள்ளகுட்டிக்காரண்ணே." பிறகு படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். "சரி, இப்ப எப்படி எறங்குவீங்க?"

"தெரியல."

"முதல்ல அத விடுங்க சார்," என்றார் கடைக்கார அம்மா. "அது கேமராவத்தான் தாங்கும்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சிகரம் முதல் படியில் உட்கார்ந்தார். அப்படியே அடுத்த படிக்கு நழுவினார். சகலை இரண்டு படி கீழே நின்று அவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கற மாதிரி, மெதுவா... வரலாம், வரலாம்..."

"ஏங்க," என்றாள் கீழே நின்ற மனைவி, "காரை இங்கயே கொண்டுவந்துடவா?"

அந்தக் கடைக்குத் தரைத்தளம் மட்டுமே. உயரம் பதினோரு அடி.