வயலில் இல்லாத உப்பு

கரைவேட்டிக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபின், குத்தகைக்காரரை வயலைவிட்டுக் கிளப்புவது கோயில் யானையைக் கொட்டிலிலிருந்து எழுப்புவதுபோல ஆகிவிட்டது. ஆனாலும் வலங்கைமான் குஞ்சிதபாதம் சட்டத்தில் ஒரு பொந்து கண்டுபிடித்தார். நிலத்தைக் கெடுத்தவரை வெளியேற்றலாம். வடிகால் வெட்டாமல் வயலை உப்பளமாக்கிவிட்டாள் என்று தன் குத்தகைக்காரி பூவம்மாள்மேல் மனுப் போட்டார். புருஷன் போனபின் அந்த வயல்தான் அவளுக்குச் சோறு. மண்ணைச் சோதிக்க உத்தரவாயிற்று.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். மனுக்காரரும் குத்தகைக்காரியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேதியியல்காரி மங்களாம்பிகை மண்ணைக் கரைத்து வடித்து, நைட்ரிக் ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட் சொட்டினாள். உப்பிருந்தால் வெள்ளையாகத் திரியும். கழனித்தண்ணியாகத் திரிந்தது. குஞ்சிதபாதத்தின் முகத்தில் அடித்த வெளிச்சத்தில் ஒரு போகம் நாற்று நட்டிருக்கலாம்.

பூவம்மாள் நகரவில்லை. அடுத்துச் சோதனைக்கு வந்திருந்த பூதலூர் மண்ணும் திரிந்தது, பேராவூரணித் தோப்பு மண்ணும் திரிந்தது. வங்காள விரிகுடா பூதலூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து இறங்கிவிட்ட கணக்குதான்.

"ஏம்மா, எல்லா ஊரு வடிகாலையும் நானா அடைச்சேன்?"

மங்களாம்பிகைக்குச் சுருக்கென்றது. மண்ணே சேர்க்காமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் அதே மருந்துகளை விட்டாள். அதுவும் திரிந்தது. ஸ்டோர் முருகையனை விசாரித்தால், நல்ல ஆசிட் தீர்ந்துபோய், நகைப்பட்டறை ஆசிட்டைக் கடைத்தெருவில் வாங்கி பாட்டிலில் ஊற்றி வைத்தாராம். பவுனையே சோதிக்கிற ஆசிட் மண்ணைச் சோதிக்காதா என்பது அவர் கட்சி.

பட்டறை ரகத்தில் உப்புச்சத்து கலந்தே வரும், பித்தளை துலக்க அது போதும் என்றாள் மங்களாம்பிகை. பிள்ளைகள் பாடத்துக்கு எல்.ஆர். ரகம். தீர்ப்புச் சொல்ல ஏ.ஆர். ரகம்தான் வேண்டும், எந்த அழுக்கு எவ்வளவு வரை இருக்கலாம் என்று அதன் லேபிளிலேயே போட்டிருக்கும்.

"அப்ப பதரை வெதச்சுட்டு, முளைக்கலன்னு என் வயலைத் திட்டுறீங்க," என்றாள் பூவம்மாள்.

பக்கத்து அறையிலிருந்து ஏ.ஆர். பாட்டில் வந்தது. முதலில் வெறும் தண்ணீர்: பளிங்கு. பிறகு வலங்கைமான் மண். லேசாக ஒரு மங்கல். எமன் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தமே கேட்டது பூவம்மாளுக்கு. எந்த வயலிலும் இவ்வளவு இருக்கும், நெல்லுக்குப் பாதகமில்லை என்று சொல்லி, மங்களாம்பிகை பழைய அறிக்கையைக் கிழித்துப் புதிதாக எழுதினாள்.

குஞ்சிதபாதம் மேஜையோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோர்ட்டுக்கு அந்தப் பட்டறை ஆசிட்டே போதாதுங்களா?"

பூவம்மாள் பதிலுக்கு நிற்கவில்லை. ஆற்றில் முறைத்தண்ணீர் வந்திருந்தது. மடை திறக்க மத்தியான பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.