பேட்டரி ஜாடியில் ஒரு கடல்

பொம்மிடி ஸ்டேஷனில் பழைய சிக்னல் பேட்டரியின் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் மதலைமுத்து அதைத் தூக்கி வந்து, ஒரு வாரம் ஊறவைத்துக் கழுவி, "இந்தா புள்ள, உன் கடலு" என்றார். ஒரு குடம் தண்ணீர்கூடப் பிடிக்காது. கடலாம் கடல்! வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நான் பாம்பன்காரி. அவர் அங்கே ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தபோது கட்டிக்கொண்டேன். ஒரே சாமியைத்தான் கும்பிடுகிறோம், ஆனாலும் வேறு சாதி என்று என் அண்ணன்மார் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் வந்து பார்ப்பாள். பிறகு மாற்றல் வாங்கி அவர் ஊர்ப்பக்கமே வந்துவிட்டோம். கண்ணுக்கு எட்டிய தூரம் பாறையும் புளியமரமும்தான். எனக்கு மூச்சு முட்டியது. அதைப் பார்த்துத்தான் மனுஷன் ஜாடியைத் தூக்கி வந்தார்.

ரயில்வே பாஸில் மீன் எடுக்கப் பாம்பன் போனோம். அம்மா குடத்தோடு கரையில் காத்திருந்தாள். முழங்கால் தண்ணீரில், பவளப் பாறைக்கு நடுவே, இவர் குழந்தை மாதிரிக் குதித்தார்.

"அந்த நீலத்தப் புடி! அய்யோ, பட்டை போட்டது பாரு!"

"அது ஓடுற மீனுங்க. ஜாடியில போட்டா கண்ணாடியில முட்டி முட்டியே செத்துரும்."

"அப்ப ரெண்டு சின்னதாப் புடி, ஜோடியா இருக்கட்டும்."

"ஒண்ணுக்கே எடம் பத்தாது. நீங்க செத்த வாய மூடுங்க."

கடைசியில் ஒரு உளுவைக் குஞ்சைக் கண்டேன். சுண்டுவிரல் நீளம், மணல் நிறம், முழித்த கண். கல்லிடுக்கில் பொந்து கிடைத்தால் போதும், அங்கேயே கிடக்கும். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று இவர் முகம் தொங்கிப்போனது. அம்மாதான் அதைக் கையில் ஏந்திக் குடத்தில் விட்டாள்.

"இதையே கொண்டு போம்மா. போன எடத்துல இருந்துக்கிரும்" என்றாள். மீனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மீனுக்கு என்னவெல்லாம் செய்தோம்! மெட்ராஸிலிருந்து காற்று பம்பு வந்தது. ரயில் கார்டு இன்னாசிராஜ் அண்ணன் மாதம் ஒருமுறை கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். பக்கத்து வீட்டு ராமக்காள், "கொழம்புக்கும் ஆவாதத வச்சிக்கிட்டு சீமந்தம் பண்றாப்பல பண்றீங்களே!" என்று கேலி பேசுவாள். வெயிலில் ஜாடித் தண்ணீர் வற்றும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் பிடித்துவைத்த மழைத் தண்ணீரைக் காலையில் ஒரு டம்ளர் விடுவேன். அவர் அந்நேரம் டூட்டியில் இருப்பார்.

எண்பத்தாறு கோடையில் அம்மா செத்துப்போனாள் என்று தந்தி வந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "மீனப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு விவரமாகப் பேச வரும்? நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்க்க விடவில்லை, பாவிகள். தோழி வீட்டில் தங்கி முப்பதாம் நாள் பூசை கண்டேன். கோயில் வாசலிலேயே பெரிய அண்ணன், "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றான். சரி, அம்மா கையால் ஏந்திக் கொடுத்தது ஒன்று வீட்டில் இருக்கிறது என்று ரயிலேறினேன்.

ஜாடி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்துக் கசந்தது. உளுவை பொந்து வாசலில் மல்லாந்து கிடந்தது.

"காலையிலகூட வாய அசைச்சிச்சு புள்ள" என்றார் அவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒரு நாளும் தண்ணி கொறைய வுடல. நம்மூர்த் தண்ணி குடிச்சாப் பல்லே கறையாவுது, அதப் போயி ஊத்துவனா? கடல்தண்ணி மட்டுந்தான் ஊத்தனன். கேன் தீந்துபோச்சுன்னு இன்னாசிராஜ் அண்ணன் கால்ல வுழாத கொறையா இன்னும் ரெண்டு கேன் வரவழச்சன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு பானை மழைத் தண்ணீர் மூடி போட்டபடி மூலையில் அப்படியே இருந்தது. சோற்றில் ஒரு கல் கிடந்தால் தெருவே கேட்கக் கத்துகிறவள் நான்.

"நா எதுனா தப்பு பண்ணிட்டனா, ராஜமேரி?"

அந்த முகத்தைப் பார்த்தேன். உலகத்தில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே முகம்.

"இல்லங்க. அதுக்கு வயசாயிருச்சு."

"வேற ஒண்ணு எடுத்தாரலாம். பாம்பனுக்கே போலாம்."

"அங்க எனக்கு யாருங்க இருக்கா?"

மீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கல்லும் மணலும்தான். பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்துபோய்க் கேனைத் தூக்கி வந்தார்.

"தண்ணி கொறஞ்சிருக்குது பாரு" என்றார்.

"ஊத்துங்க" என்றேன்.