நூற்றுப் பத்து நிமிட வரிசை

...நூற்றுப் பத்து நிமிடம், இப்போது மணி ஒன்று நாற்பது, ஆக மூன்றரை, ஏரிக்கரை உணவகத்தில் ஜன்னலோர மேஜைக்குப் பதிவு செய்திருப்பதும் மூன்றரைக்குத்தான், ஆனால் சவாரி முடிந்து வெளியே வந்து, வெளியே வருகிற வழியை வேண்டுமென்றே பொம்மைக் கடைக்குள் விட்டிருப்பார்களே அதையும் தாண்டி, ஏரியைச் சுற்றிப் போய்ச் சேர மூன்றே முக்கால் ஆகிவிடும், பத்து நிமிடம் பிந்தினால் மேஜை போய்விடும் என்று கைபேசியில் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்கள், மேஜை போனால் எங்கே வைத்துச் சொல்வது, கழிப்பறை வாசலிலா, வான்கோழிக் கால் விற்கிற வண்டி ஓரத்திலா... ரஸ்ஸல் அந்தக் கேளிக்கைப் பூங்காச் சவாரியின் பலகையை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தான், பார்த்தால் குறைந்துவிடும் என்பது போல. கடல் அரக்கன், இறுதிப் போர். காத்திருக்கும் நேரம் 110 நிமிடம். சவாரி மொத்தமே மூன்று நிமிடம். "வெஸ், அந்தப் பேய் பங்களாவுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான்டா, அதுக்குப் போயிட்டு..." "இதுதான் வேணும்ப்பா." "அதுல நெஜப் புகையெல்லாம் விடுறாங்களாம்." "இதுதான்." ஒன்பது வயசுப் பையன், கன்னமெல்லாம் சிவந்து வேர்த்து, வரிசையின் வாலில் போய் நின்றுவிட்டான், அவனுக்குப் பின்னால் டானா, டானாவுக்குப் பின்னால் அவள் புருஷன். இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா? சனிக்கிழமை வரைக்கும் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. டொலீடோவில் அவன் அலுவலகத்துக்கு எதிரிலேயே இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு, கட்டில் மட்டும் வாங்கியாயிற்று. அதை வெஸ்லியிடம் சொல்ல வேண்டும், இன்று, இங்கே. ஒஹாயோவில், சொந்த வீட்டிலேயே சொன்னால் ஆகாதா, சமையலறையில், வழக்கம்போல மூன்று பேரும் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்து? ஆகாது என்று சொன்னவள் ஆலோசகர் மெரிடித் அம்மாள், சுவரில் ஏழு சான்றிதழ், மேஜையில் ஒரு தட்டு நிறைய மணல், அதைக் கீறி அமைதி அடைவதற்கு விரல் நீளத்தில் ஒரு மரக் கலப்பை. அவள் கொடுத்த தாள் இப்போதும் கால்சட்டைப் பையில் வேர்வையில் நனைந்து கிடக்கிறது, 'மென்மையான அறிவிப்பு: ஏழு படிகள்'. முதல் படி, குழந்தைக்கு மகிழ்ச்சியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள், கடினமான செய்தி இனிய நினைவோடு கைகோத்துக்கொள்ளும். இனிய நினைவு கைகோத்துக்கொண்டு நாசமாய்ப் போனால்? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அந்த அம்மாள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வாள், கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவளை எப்படி மறிப்பது. இரண்டாம் படி, ஒரு மேஜையில் நிதானமாக அமர்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில். ஐந்தாம் படி, பிரிவு என்ற சொல் வேண்டாம், இரண்டு வீடு என்று சொல்லுங்கள். ஏதோ சொத்து சேர்த்த மாதிரி. வீட்டை விட்டுப் போகிறவர்தான் முதலில் பேச வேண்டுமாம், அதனால் முதல் வாக்கியம் அவனுடையது, விமானத்தில் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தான், 'வெஸ், நானும் அம்மாவும் நிறைய யோசிச்சு...' நானும் என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தரமும் நின்றுபோனான். அவன் எங்கே யோசித்தான்? பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே டானாதான் சொன்னாள், எனக்கு உன்மேல கோபமே வர்றதில்ல ரஸ்ஸல், ரெண்டு வருஷமா வரல, அதான் பயமா இருக்கு என்று. அவன் கொதிகலன் வால்வு விற்கும் கம்பெனியில் மண்டல மேலாளர், பத்தொன்பது வருஷமாகப் புகார் கேட்கிறவன், ஒழுகுகிறது என்றால் ஆள் அனுப்புவான், இறுகிவிட்டது என்றால் மாற்றிக் கொடுப்பான், கோபமே இல்லை என்ற புகாருக்கு என்ன பாகம் அனுப்புவது? சரி என்றான். சரக்கு செவ்வாய்க்கிழமை வரும் என்றால் சொல்வானே, அந்தச் சரி.

வரிசை ஐந்தடி நகர்ந்து நின்றது. முன்னால் ஒரு குடும்பம், ஏழு பேர், ஏழு பேருக்கும் ஒரே ஆரஞ்சு நிறப் பனியன், முதுகில் 'ஹோல்காம் குடும்பப் படையெடுப்பு' என்று அச்சடித்து, ஆளுக்கொரு பட்டப்பெயர், பெரியவர் பனியனில் 'தளபதி' என்று இருந்தது, தளபதி முழங்கால் வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் சினிமா செட் மாதிரி போட்ட நியூயார்க் தெரு, செங்கல் வீடுகள், படிக்கட்டு, கதவைத் தள்ளினால் பின்னால் இரண்டு துடைப்பமும் ஒரு குப்பைத் தொட்டியும், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, பலகை மலிவு, அவ்வளவுதான். ஃப்ளோரிடாவின் ஜூன் மாத வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே வெஸ்லி இப்படித்தான், படகுச் சவாரிக்குத் தொண்ணூறு நிமிடம், விண்வெளிக்கு எண்பத்தைந்து, எங்கே கூட்டம் அதிகமோ அங்கே போய் நிற்கிறான், கூட்டமே இல்லாததைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குகிறான், காலையில் பலகாரக் கடையில் உட்காரலாம் என்றதற்கு நடந்துகிட்டே சாப்பிடலாம் என்றான், மத்தியானமும் அப்படியே, ரொட்டிக்குள் வைத்த சாசேஜ், கடுகுச் சாறு சட்டையெல்லாம் ஒழுக, நின்றபடி. எவ்வளவு உற்சாகம் பார் இவனுக்கு என்று ரஸ்ஸல் டானாவிடம் சொன்னான், கொஞ்சம் பெருமையாகக்கூட, பிடித்தால் விடமாட்டான், என்னை மாதிரி. டானா அவனை ஒரு பார்வை பார்த்தாள். நீ எதைப் பிடித்தாய், எதை விடாமல் இருந்தாய் என்று கேட்கிற பார்வையா? இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா? பதினான்கு வருஷம் ஆகியும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால்...

உள்ளே வந்ததும் குளிரூட்டி சில்லென்று முகத்தில் அடித்தது, கடற்படைத் தளம் மாதிரி ஜோடித்திருந்தார்கள், சாம்பல் சுவர், சிவப்பு விளக்கு, கயிறு கட்டி வரிசையை மடித்து மடித்து விட்டிருந்தார்கள், ஒவ்வொரு மடிப்பிலும் பார்த்த முகங்களையே மறுபடி பார்க்க வேண்டும், எல்லோரும் எல்லோருக்கும் பத்தாவது தடவையாகப் புன்னகை செய்ய வேண்டும். மேலே திரைகளில் ஒரு தளபதி, இவர் பனியன் போடாத தளபதி, மார்பு நிறையப் பதக்கம், ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை தோன்றி, "வீரர்களே, இன்று உங்கள் குடும்பத்தை உங்களால் மட்டுமே காப்பாற்ற முடியும்" என்று முழங்கினார். முதல் தடவை ரஸ்ஸல் சிரித்தான். நான்காம் தடவை திரைக்கு முதுகைக் காட்டி நின்றான். காப்பாற்றுவதற்கு ஏதாவது வழி சொன்னால் தேவலை, அரக்கன் எங்கே நிற்கிறான், எதைக் கொண்டு அடிப்பது, இங்கே அரக்கனே இல்லையே, எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். டானா கைபேசியோடு கயிற்றின் அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள், உணவகத்துக்குத்தான் ஏதோ அனுப்புகிறாள். வெஸ்லி கம்பியில் சாய்ந்துகொண்டிருந்தான். ஆரஞ்சுப் பனியன் கூட்டத்தில் ஒரு பெண், பத்து வயசிருக்கும், முதுகில் 'பீரங்கி' என்று போட்டிருந்தது, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எந்த ஊரு?" என்றாள் பீரங்கி. "டொலீடோ." "நாங்க அலபாமா. இதோட மூணாவது தடவை வர்றேன். முடிச்சிட்டு சாப்பிடப் போறீங்களா? ஏரிக்கரையில கேக் நல்லாருக்கும்." "நாங்க போக மாட்டோம்," என்றான் வெஸ்லி. "ஏன்?" "மேஜையிலதான் சொல்லுவாங்க." ரஸ்ஸல் காலணிக் கயிற்றைப் பார்ப்பது போலக் குனிந்தான், ஏன் குனிந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "என்ன சொல்லுவாங்க?" "எங்க கிளாஸ்ல ட்ரெவருக்கு இங்கதான் சொன்னாங்க. லீவு நாள்கூட இல்ல, திடீர்னு கூட்டிட்டு வந்தாங்க, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து, உட்கார வெச்சு. இப்ப அவனுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டு. பல் பிரஷ்கூட." பீரங்கி புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். "ஓ, அதுவா. எனக்கும் மேஜையிலதான் சொன்னாங்க. பீட்ஸா கடையில." "வரிசையில சொல்ல மாட்டாங்க. ஆளுங்க இருப்பாங்க. சவாரியில சத்தம், காதுல விழாது. அதான் நான்..." "எத்தனை நேரம்தான் நிப்ப? கால் வலிக்காது?" "வலிக்குது." "இதோ பாரு, சொன்ன உடனே நாய் கேட்டுடு. அப்பவே கேக்கணும். எதுன்னாலும் சரின்னுடுவாங்க. மறுநாள் கேட்டா ஒண்ணும் கெடைக்காது, நான் நாய்தான் வாங்கினேன், பேரு ஷெரிஃப்." வெஸ்லி கம்பியை நகத்தால் கீறினான். "எனக்கு நாய் வேணாம்," என்றான். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் பீரங்கி. வரிசை நகர்ந்தது, அவள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு தன் படையோடு போனாள்.

அப்படியென்றால் படகுக்குத் தொண்ணூறு, விண்வெளிக்கு எண்பத்தைந்து... அந்த நேரமெல்லாம் பையன் கால் வலிக்க வலிக்கக் கணக்குப் போட்டு நின்றிருக்கிறான், வால்வு விற்கிற முட்டாள் அதை உற்சாகம் என்று படம் எடுத்து அலுவலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான், அங்கிருந்து இருபத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். குனிந்து அவனைக் கட்டிக்கொள்ளலாமா? கட்டிக்கொண்டால் அதுவே சொன்னதாகிவிடாதா? தெரியும்டா என்று சொன்னால், எது தெரியும் என்பான், அதற்கு முதல் வாக்கியம்தான் பதில், 'நானும் அம்மாவும் நிறைய யோசிச்சு', ஏழு படியில் இதற்கு ஒரு படி இல்லையே, குழந்தைக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று ஒரு வரி, மணலைக் கீறின நேரத்தில் அதை எழுதியிருக்கலாமே அந்த அம்மாள்... கூரைக்கு மேலே எதுவோ உருண்டது, அரக்கன் என்று நினைத்தான், நிஜ இடி. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனாய்ச் சொன்னது, மின்னல் காரணமாக இனி யாரையும் வரிசையில் அனுமதிக்க மாட்டோம், உள்ளே இருப்பவர்கள் மட்டும் தொடரலாம். டானா கயிற்றுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். "மூணு பத்து ஆச்சு ரஸ்ஸல்." "மேஜை போயிடும் போல," என்றான், குரலில் ஒரு சின்ன நப்பாசை எட்டிப்பார்த்தது. "இல்ல. நாலு மணிக்கு ஒண்ணு காலியாச்சு, மாத்திட்டேன். அதே ஜன்னலோரம்." அவள் எப்போதுமே இப்படித்தான், எதையும் விட்டுவைக்க மாட்டாள். "டானா, இன்னிக்கே..." "அப்ப சனிக்கிழமை யாரு சொல்றது? வண்டிக்காரனா?" மெதுவாகத்தான் கேட்டாள், கோபமில்லாமல்.

ஏறுமிடம் வந்துவிட்டது. மூன்று மூன்று இருக்கையாக இரும்பு வண்டிகள் வந்து வந்து நின்றன, ஆட்கள் உட்கார்ந்ததும் மடிமேல் கம்பி இறங்கியது. மாலுமி வேஷத்தில் ஒரு பெண், "எத்தனை பேரு சார்?" என்றாள். "மூணு." "மூணாவது கேட்ல நில்லுங்க." வெஸ்லி கதவுக்கு முன்னால் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கயிறு ஏற்கனவே கட்டியிருந்தது. அதை அவிழ்த்தான். ஒரு பக்கத்தை இழுத்து நீளம் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து, பள்ளியில் முதல் முதலாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி, ஒரு வளையம், இன்னொரு வளையம். வண்டி வந்தது, கதவு திறந்தது. ரஸ்ஸல் பின்னால் நின்ற குடும்பத்தைப் பார்த்தான். "நீங்க முன்னாடி போங்க." "நெஜமாவா? ரொம்ப தேங்க்ஸ் சார்!" அடுத்த வண்டி. வெஸ்லி இப்போது இடது கால். "நீங்களும் போங்க," என்றான் ரஸ்ஸல் அடுத்தவர்களிடம், வெள்ளைத் தலை தம்பதி, கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிப் போனார்கள். மாலுமிப் பெண் இடுப்பில் கை வைத்தாள். "சார், பயமா இருந்தா அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கு, வெக்கப்பட ஒண்ணுமில்ல, தெனம் நாப்பது அப்பாங்க போறாங்க." "பயமெல்லாம் இல்ல." "அப்ப ஏறுங்க, எல்லாரும் பாக்குறாங்க." டானா அவனைப் பார்த்தாள், பிறகு பையனின் வளைந்த முதுகை, அந்த விரல்களை, வெகுநேரம். மூன்றாவது வண்டி வந்து நின்றது. அவன் வாயைத் திறப்பதற்குள் டானாவே பின்னால் திரும்பி, "நீங்க போங்க, எங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்," என்றாள். ஆக அவளுக்கும் காதில் விழுந்ததா? கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாளா, இல்லை, காலையில் படகுக்கு நிற்கும்போதே, இல்லை, அதற்கும் முன்பே... கேட்டால் சொல்வாள், அதனால்தான் கேட்க முடியவில்லை. ரஸ்ஸல் இன்னும் எத்தனை பேரை விடலாம் என்று திரும்பிப் பார்த்தான். மடிப்பு மடிப்பாகக் கயிறுகள், காலியாக. சுவரோரம் ஒரு குடும்பம், அதற்குப் பின்னால் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவன், அவ்வளவுதான்.