எட்டுச் சிலிண்டரும் ஒரு மஞ்சள் சொட்டும்

கார் தூக்கியில் ஏறி, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கத் தொடங்கியபோது யோகராஜாவின் உயிரும் கூடவே மேலே போய்விட்டது. சுவிஸில் லுசேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் முப்பத்தொரு வருடம் நெருப்போடு நின்று பென்சன் எடுத்த மனிதர். அங்கே வேர்த்த வேர்வை முழுவதையும் ஒரு அண்டாவில் பிடித்து வைத்திருந்தாலும் இந்தக் காலையில் வேர்த்ததில் பாதி வராது.

பழைய வாகனங்களை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதிக்கும். எம்.எஃப்.கா என்பார்கள். முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே மனைவி யோகாம்பாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பெயிலெண்டால் விக்கிறது. திருத்திக்கொண்டு திரும்பப் போற கதையெல்லாம் இல்லை."

"பாஸெண்டால்?"

"நிக்கட்டும்."

அந்த அம்மா அப்படிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிவப்பு நிற அமெரிக்கக் கார். ஐந்து லீற்றர், எட்டுச் சிலிண்டர். எங்கடின் மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டல் முதலாளியின் மகன் ஆறு பனிக்காலம், பனி உருக உப்புக் கொட்டிய தெருவில் ஓட்டிச் சலித்த பிறகு இவர் தலையில் கட்டியது. வாங்கிய கிழமையே தண்ணீர்ப் பம்ப் போனது. மாற்றிப் போட்ட பம்ப் எட்டு மாதத்தில் போனது. பின் ரயர் இரண்டும் ஒரே கோடையில் மொட்டையாகின. பின்னச்சு, கல்யாண வீட்டு நாதஸ்வரம் போல் எண்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே ஊதும். குளிர்காலக் காலையில் எஞ்சினைத் தட்டி எழுப்பினால் உள்ளே நூறு தையல் மெசின் ஓடுகிற சத்தம், மூன்றாம் மாடிக் கிழவி யன்னலைத் திறந்து சிலுவை போடுவாள். பெற்றோலோ, அடித்துவிட்டு மூடியைப் பூட்டுவதற்குள் கால்வாசியைக் குடித்துவிடும். எஞ்சின் பெரிதென்று கன்ரோன் அரசு கேட்கும் வரி வேறு. "உதுக்குக் கொட்டின காசுக்கு ஒரு யானை வாங்கியிருக்கலாம்," என்பார் யோகாம்பாள். "யானையெண்டால் புல்லைத் திண்டுபோட்டுப் பேசாமல் நிக்கும்."

கார் விற்பதென்றால் யாருக்கு என்பதும் முடிவாகியிருந்தது. வாங்கப்போகிறவன் பக்கத்திலேயே நின்றான். விஜிதரன், கராஜ் வைத்திருப்பவன், இரண்டு வருடமாக இந்தக் காரைத் திருத்துகிறவனும் அவன்தான். பெயிலானால் அரை விலைக்கு எடுப்பதாக யோகாம்பாளிடம் சொல்லி வைத்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குத் துணைக்கு வாறன்," என்று தொற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"பிரேக் பாஸ்," என்றார் யோகராஜா.

"ஓம் அண்ணை."

"லைற் பாஸ்."

"ஓம் அண்ணை." குரலில் செத்த வீட்டுக் களை.

சோதிக்கிற எக்ஸ்பேர்ட் ஒடிசலான சுவிஸ்காரர். காருக்குக் கீழே நின்று ரோர்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் போனார். இரும்புக் கம்பியைக் கொடுத்து மூட்டுகளை நெம்பினார். ஒன்றும் ஆடவில்லை. பின்னச்சில் கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்த இடத்தில் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யோகராஜா மூச்சை நிறுத்தினார். ஒரு மாசம் நிறுத்தியது போல் இருந்தது.

"வேர்த்திருக்கிறது. சொட்டவில்லை," என்று டொச் என்கிற ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு எக்ஸ்பேர்ட் முன்பக்கம் நகர்ந்தார்.

அங்கேதான் அது நடந்தது. றேடியேற்றருக்குக் கீழே இருந்த பிளாஸ்ரிக் தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. மஞ்சள் சொட்டு. பலாப்பழம் அளவுக்கு வீங்கி, கொஞ்சம் யோசித்து, எக்ஸ்பேர்ட்டின் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று திரண்டது.

"கூலிங் தண்ணி," என்றார் எக்ஸ்பேர்ட். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

யோகராஜா மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்றாவது பம்பும் போய்விட்டதா? விஜிதரன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

"அது நான் போட்ட பம்ப் அண்ணை. சத்தியமா ஒழுகாது," என்றான். சொன்ன பிறகுதான் தான் எதற்கு வந்தவன் என்பது நினைவு வந்தது போல வாயை மூடிக்கொண்டான்.

எக்ஸ்பேர்ட் எழுதத் தொடங்கமுன் யோகராஜாவின் கை தானாக நீண்டது. மூன்றாவது சொட்டை விரலில் வாங்கினார். முப்பத்தொரு வருடம் சோஸ் பதம் பார்த்த விரல், அதற்கு வேறு வழி தெரியாது. நேராக நாக்குக்குப் போனது.

"நிறுத்துங்கள், அது நஞ்சு," என்று எக்ஸ்பேர்ட் அவர் கையைப் பிடித்தார்.

"நஞ்சில்லை," என்றார் யோகராஜா. நாக்கில் மண்ணும் கசப்பும் சேர்ந்து ஏறின. "மஞ்சள்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. காலமை கீழே இறங்கி வந்தபோது நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு தேசிக்காய் இருந்தது. முன்மூடியில் திருநீறு. அவர் தேசிக்காயை நசித்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அதற்கு முன் முன்மூடியைத் திறந்து எஞ்சினுக்கும் மஞ்சள் தண்ணி தெளித்திருக்கிறாள் மனுசி. தெளித்ததெல்லாம் தட்டில் தேங்கி, இப்போது, எக்ஸ்பேர்ட்டின் தலைக்கு மேலே, இறங்குகிறது.

யோகராஜா விளக்கிச் சொன்ன எல்லாவற்றையும் எக்ஸ்பேர்ட் கேட்டார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "உங்கள் நாக்கை நான் படிவத்தில் எழுத முடியாது. ஊற்றியவர் சொன்னால் துடைத்துவிட்டு ஓட விட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் இது ஒழுக்கு."

யோகராஜா போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். யோகாம்பாள் சூக் நகரத்தில் ஒரு வங்கியில் துப்புரவு வேலையில் நின்றார். பின்னால் தூசி உறிஞ்சியின் சத்தம் கேட்டது.

"இஞ்சேரும், காலமை எஞ்சினுக்கு மேல மஞ்சள் தண்ணி தெளிச்சனீரோ? எக்ஸ்பேர்ட் கேக்கிறார். டொச்சில சொல்லும்."

தூசி உறிஞ்சி நின்றது.

"ஏன், என்ன நடந்தது?"

"ஒழுகுதெண்டு நினைக்கிறார்."

"நான் இல்லையெண்டு சொன்னால்?"

"பெயில்."

"ஓமெண்டால்?"

"திரும்பப் பாப்பார்."

இரண்டு வருடமாக அந்த அம்மா கேட்டு அலுத்த வரம் இப்போது வாயில் வந்து நின்றது. ஒரு சொல்லுச் சொன்னால் போதும், பம்பும் ரயரும் வரியும் விஜிதரனோடு போய்விடும். விஜிதரன் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு போனையே பார்த்தான். எக்ஸ்பேர்ட்டுக்கு மொழி விளங்காவிட்டாலும் அவரும் போனையே பார்த்தார். பிலாத்துஸ் மலை கரைந்து ஏரிக்குள் போகுமளவுக்கு நேரம் எடுத்தது.

பிறகு யோகாம்பாள் தெளிவான டொச்சில் பேசினார். ஆம், நான்தான். காலை ஆறு மணிக்கு. ஒரு செம்பு நிறைய.

"எதற்காக?" என்றார் எக்ஸ்பேர்ட்.

"அவர் உயிரோடு வீடு திரும்புவதற்காக."

எக்ஸ்பேர்ட் ஒருமுறை காரைப் பார்த்தார், ஒருமுறை யோகராஜாவைப் பார்த்தார். நியாயமான காரணம் என்று பட்டிருக்க வேண்டும்.

"கேட்டீங்களோ," என்று யோகாம்பாள் தமிழுக்கு மாறினார். "உங்கட காருக்காண்டிச் சொல்லேல்லை. சாமிக்குச் செய்ததை இல்லையெண்டு என்னால சொல்லேலாது." போன் நின்றது.

தட்டைக் கழற்றித் துடைத்தார்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, எஞ்சினைத் தட்டி எழுப்பி, பத்து நிமிடம் ஓட விட்டார்கள். எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து இரைந்ததில் கொட்டகையின் யன்னல்கள் பல்லைக் கடித்தன. வெப்ப முள் ஏறியது. நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்ட ஒரு மயிரிழை இருக்கும்போது விசிறி எழும்பிச் சுற்றியது. யோகராஜா தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவது நிமிடத்தில் தாளில் ஒரு புள்ளி தெரிந்தது. குனிந்து பார்த்தார். இலையான், வெறும் ஈ. அதை ஊதிக் கலைத்தார்.

பத்தாவது நிமிடத்தில் எக்ஸ்பேர்ட் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாகனப் பத்திரத்தில் முத்திரையைக் குத்தினார்.

"அடுத்த முறை," என்றார், "முதல் நாள் ஊற்றச் சொல்லுங்கள்."

வெளியே வந்து இருநூறு மீற்றர் போயிருக்கமாட்டார்கள். முன் பலகையில் எஞ்சின் படம் போட்ட செம்மஞ்சள் லைற் ஒன்று எரிந்தது.

"அண்ணை, லைற்."

"காணேல்லை."

"சின்னச் சென்சராத்தான் இருக்கும். நானூறு பிராங்குக்குள்ள முடிச்சுத் தாறன். அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லை. எம்.எஃப்.காதான் பாஸாகிட்டுதே."

யோகராஜா ஓரத்தில் நிறுத்தினார். ஸ்ரேறிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"பாஸ்," என்றார்.

"சரி."

"வெளியில வந்தவுடனை எஞ்சின் லைற் எரியுது. நானூறு வருமாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. லுசேர்ண் ஏரியில் பாய்க்கப்பல் ஓட அது போதும்.

"நாலு மணிக்கு லுசேர்ண் ஸ்ரேசனுக்கு வந்திடுவன்," என்றார் யோகாம்பாள். "அங்கயிருந்து பஸ்ஸில போக இண்டைக்கு எனக்கு ஏலாது. வந்து ஏத்துங்கோ."

யோகராஜா விஜிதரனைப் பார்த்தார். "நாலு மணிவரைக்கும் தாங்குமோ?"

"தாங்கும் அண்ணை. மெதுவா ஓடினால்."

ஐந்து லீற்றர் எஞ்சின் முனகிக்கொண்டு புறப்பட்டது. காய்கறிப் பையோடு சைக்கிளில் வந்த ஒரு அம்மா மணியடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனார்.