பாஞ்சாலியின் பங்கு

என் வீட்டுக்காரர் அறிவழகன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். காப்பி ஆறிப்போனால்கூடச் சூடு பண்ண என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் அடுப்பு வீட்டுக்கு வெளியே வந்துவிட்டால் அவரைவிடப் பெரிய சமையல்காரர் பொம்மிடியில் கிடையாது. எங்கள் பங்காளிகளில் அத்தனை ஆண்களும் அப்படித்தான். திறந்த வெளியில் நாலு செங்கல் வைத்து நெருப்பு மூட்டினால் கூப்பிடாமலே வந்து சுற்றி நிற்பார்கள். ஒருவர் விசிறுவார், ஒருவர் கம்பியைத் திருப்புவார், மீதிப் பேர் யோசனை சொல்வார்கள். கறி வெந்ததோ இல்லையோ, நின்ற சந்தோஷமே அவர்களுக்குப் போதும்.

போன வருசம் முனியப்பனுக்குக் கிடா வெட்டியபோது இந்தச் சந்தோஷம்தான் குடும்பத்தைக் கெடுத்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வெட்டிய கிடாவின் வலது பின்தொடை, அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. அவள் அதை முழுசாகப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவாள். பிறந்த வீடு தன்னை மறக்கவில்லை என்று மாமியாரிடம் காட்ட அதைவிட என்ன வேண்டும்? இவருக்கு ஒரே தங்கை, பாஞ்சாலி. மொரப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கென்று எடுத்து வைத்த தொடையை இவரும் இவர் கூட்டாளிகளும் துண்டு போட்டுக் கம்பியில் குத்திச் சுட்டார்கள். சுடச்சுட ஆளுக்கு ஒன்று, இன்னொன்று என்று கை நீண்டுகொண்டே போனது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு யாருடைய பங்கு என்பதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? பாஞ்சாலி தூக்குவாளியோடு வந்தபோது எலும்புதான் கிடந்தது.

அவள் சத்தம் போடவில்லை. "இனிமே உன் கையால ஒரு வாய் திங்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வெறும் வாளியோடு ரயிலேறிப் போனாள். மறுநாள் இவர் கடையில் ஒரு தொடை வாங்கிக்கொண்டு மொரப்பூர் போனார். "கடைக்கறி எங்க ஊர்லயும் விக்குது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதை இவரிடமும் சொன்னேன்.

இந்த வருசம் கிடா வெட்ட நாள் குறித்ததுமே இவர் தன் வெல்டிங் பட்டறையில் ஒரு எண்ணெய் டிரம்மை எடுத்துப்போட்டு அறுக்க ஆரம்பித்தார். அடியில் கரிக்கு ஒரு தட்டு, மேலே கறி வைக்கக் கம்பி வலை, அதற்குமேல் ஒரு மூடி. செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். நெருப்பு கறியைத் தொடக் கூடாது, புகையும் சூடும் மட்டும் போய் மெதுவாக வேகவைக்க வேண்டுமாம். முதலில் வைத்த கோழி டயர் நாற்றம் அடித்தது. டிரம்மை எரித்துச் சுத்தம் பண்ணிவிட்டு அடுத்த கோழியை வைத்தார். அது பரவாயில்லை. அதற்கடுத்த கோழியில் நானே இரண்டாம் தடவை கை வைத்தேன்.

"தொடையப் பச்சையாவே குடுத்துட்டா போதுமில்ல?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கிட்டுப் போய்டுவா நிர்மலா. கோவம் அப்படியேதான் இருக்கும். அவசரத்துல தின்னுட்டோம். அவசரமில்லாமத்தான் திருப்பிக் குடுக்கணும். நாள் பூரா ஒக்காந்து பண்றேன். அவ கண்ணால பாக்கட்டும்."

கோயிலில் காலையிலேயே கிடா வெட்டியாயிற்று. இவர் தொடையை முழுசாக எடுத்து உப்பும் மிளகும் தேய்த்து, பட்டறையிலிருந்து கோயிலுக்கே கொண்டுவந்திருந்த டிரம்முக்குள் வைத்தார். கரிமேல் புளியங்கட்டை இரண்டைப் போட்டு மூடினார். பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாஞ்சாலியும் வந்தாள். சாமி கும்பிட்டாள், விபூதி பூசினாள், புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"சாமிக்காக வந்தேன் அண்ணி. சாயந்திர ரயிலுக்குப் போய்டுவேன்."

அந்த ரயிலுக்குள் தொடை வெந்தாக வேண்டும். இவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கெடுதல் எங்கள் ஆட்களிடமிருந்தே வந்தது. எங்கள் பக்கம் உறவுக்காரர்கள் எந்த அடுப்பைக் கடந்தாலும் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் போகமாட்டார்கள். பார்த்துவிட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கி, "உப்பு பத்தல" என்பார்கள். உப்பு சரியாகவே இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அது அவர்கள் உரிமை. வேற்று ஆட்கள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவார்கள். குறை சொல்கிறவன்தான் சொந்தக்காரன். குழம்புச் சட்டிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இந்த டிரம்மை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் போய்விடும்.

முதலில் திறந்தவர் வெங்கடாசலம் சித்தப்பா. இவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம். அப்புறம் பங்காளி வீட்டுப் பையன் முருகேஷ் திறந்தான். அப்புறம் ஒரு மாமா வந்து, நெருப்பே இல்லையே என்று நல்ல மனசோடு மூடியைக் கழற்றிவைத்து விசிற ஆரம்பித்துவிட்டார். இவர் ஓடி வந்து மூடினார். கட்டுக்கம்பி எடுத்து மூடியைச் சுற்றிக் கட்டினார்.

"என்னாடா அறிவு, சித்தப்பனுக்கே பூட்டா?" என்றார் வெங்கடாசலம் சித்தப்பா. "ஒரு துண்டு அறுத்துக் கம்பியில போட்டா இந்நேரம் தின்னு முடிச்சிருப்போம்."

"போன வருசம் அப்படித்தானங்க சித்தப்பா தின்னோம்" என்றார் இவர். எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டார்கள். இவர் சாப்பிடவில்லை. அங்கே மரத்தடியில் தங்கச்சியும் சாப்பிடவில்லை. பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு. காற்று திரும்பித் திரும்பி வீசியது. புகை போய்ப் போய் அவள் மேலேயே விழுந்தது. கொழுப்பு உருகிக் கரியில் சொட்டிய வாசனை. புளியங்கட்டைப் புகை வாசனை. பசித்த வயிற்றோடு அவள் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ. இடம் மாறி உட்காரவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

வெயில் சாய்ந்தது. அவள் எழுந்து சேலையை உதறினாள். பையைத் தோளில் மாட்டினாள். வெந்துவிட்டதா என்று இவர் மூடியிலிருந்த புகை ஓட்டை வழியாக ஒரு கூர்க்குச்சியை விட்டுக் கறியைக் குத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. திறந்தவர்கள் ஒவ்வொருவரையும் நிற்கவைத்துத் திட்ட வேண்டும்போல இருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சி, பாவம் அந்தப் பொண்ணு" என்று வெங்கடாசலம் சித்தப்பா டிரம்மிடம் வந்தார். கட்டுக்கம்பியைப் பிரித்தார். "வெந்த வரைக்கும் அறுத்துக் குடுத்து அனுப்புடா." மூடியில் கை வைத்தார். இவர் தடுக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மூடுங்க சித்தப்பா."

பாஞ்சாலி குரல்.

"அது என் பங்கு. வேவட்டும்."

சித்தப்பா கையை எடுத்துவிட்டார். அவள் பையை இறக்கி வைத்தாள். டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கச்சி. நடுவில் புகை. அதற்குப் பிறகு ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. ரயில் கூவிக்கொண்டு போனது எங்களுக்கெல்லாம் கேட்டது. அவள் தலையைத் திருப்பவே இல்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் குச்சி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இவர் மூடியை எடுத்தார். தொடை கருஞ்சிவப்பாக, எலும்பிலிருந்து கறி விலகி நின்றது. வாழை இலையில் முழுசாக எடுத்து வைத்தார். முருகேஷ் விரலை நீட்டினான், நான் தட்டிவிட்டேன்.

"உப்பு பாத்தியா?" என்று கேட்டாள் பாஞ்சாலி. அந்தக் கடைக்கறியைத் திருப்பி அனுப்பியதற்கு அப்புறம் அவள் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை.

"யாரும் பாக்கல. நீ பாரு."

அவள் ஓரத்தில் ஒரு நாரைப் பிய்த்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். எங்கள் பங்காளிகள் மொத்தமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"உப்பு பத்தலண்ணா" என்றாள். "அடுத்த வருசம் கொஞ்சம் சேத்துப் போடு."

இவர் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொடையை இலையோடு துண்டில் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, மொரப்பூருக்குக் கொண்டுபோய் விட பைக்கை எடுக்கப் போனார்.